வாய்ப்பந்தலியல்: மிச்சிகன்–ஒஹாயோ ரசிகர் வாதங்கள் பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக அணியும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியும் நவம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை மோதிக்கொள்ளும் அந்தச் சில மணி நேரத்தை ஆட்டம் என்றும், அதற்கு முன் ஆண்டு முழுக்க ரசிகர்கள் பேசுவதை வெறும் முன்னோட்டம் என்றும் கொண்டுவிட்டார்கள். விஷயம் தலைகீழ். பேச்சுதான் மூலம். பேச்சுக்குப் பொருள் தீர்ந்துபோகாமல் இருக்க ஆண்டுக்கொரு முறை ஆட்டம் நடத்தப்படுகிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் விதிகளில் நமக்கு வேண்டியது கொஞ்சம்தான். முட்டை வடிவப் பந்தை நாலு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் மேலும் நாலு முயற்சி கிடைக்கும். முடியாது என்று தோன்றினால் பந்தை உதைத்து எதிரியிடம் தள்ளிவிடலாம். இதைப் பார்க்க மிச்சிகனின் ஆன் ஆர்பர் மைதானத்தில் 1,07,601 பேரும், ஒஹாயோவின் கொலம்பஸ் மைதானத்தில் 1,02,780 பேரும் உட்கார இடமிருக்கிறது. பேசுவதற்கு இட வரம்பு கிடையாது.

வாதத்தின் பூர்வீகத்தைத் தேடினால் 1835-க்குப் போக வேண்டும். டொலீடோ நகரம் யாருக்கு என்று மிச்சிகனும் ஒஹாயோவும் படை திரட்டி எல்லையில் நின்றன. யாரும் சாகவில்லை. காயம் என்று வரலாற்றில் ஏறியது ஒன்றுதான்: மிச்சிகன் தரப்பு ஷெரீஃப் உதவியாளர் ஒருவரை டூ ஸ்டிக்னி என்பவர் பேனாக்கத்தியால் குத்தினார். (இவருடைய அண்ணன் பெயர் ஒன் ஸ்டிக்னி. பிள்ளைகளுக்கே எண் போட்ட வீடு. அந்தப் பகுதியில் கணக்கு வைப்பதில் இருக்கும் ஆர்வத்துக்கு இதைவிடப் பழைய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.) கடைசியில் டொலீடோ ஒஹாயோவுக்குப் போனது. மிச்சிகனுக்கு ஈடாக வடக்கே மேல் தீபகற்பம் என்ற காடு கிடைத்தது. 1837-இல் மாநில அந்தஸ்தும் கிடைத்தது. பிறகு அந்தக் காட்டில் செம்பும் இரும்பும் வெட்டி எடுத்தார்கள். ஆகவே யார் ஜெயித்தது? ஊர் எங்களிடம்தானே இருக்கிறது என்பார் ஒஹாயோக்காரர். சுரங்கம் யாரிடம் என்பார் மிச்சிகன்காரர். இருவரும் ஜெயித்த சண்டை அது. தோற்றது, தன் பக்கத்து நிலம் கைமாறியபோது வாய் திறக்க முடியாமல் இருந்த விஸ்கான்சின். கால்பந்து வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வாதம் தயாராக இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

எதிரியின் பெயரை வாயால் சொல்வதில்லை என்பது ஒஹாயோத் தரப்பின் ஆசாரம். "வடக்கே இருக்கிற அந்த டீம்" என்பார்கள், கணவன் பெயரைச் சொல்லாமல் "எங்க வீட்டுக்காரர்" என்று சொல்லும் பழைய காலத்து அம்மாக்களைப் போல. ஆட்டத்துக்கு முந்திய வாரம் கொலம்பஸ் வளாகத்தின் பெயர்ப்பலகைகளில் எம் என்ற எழுத்து எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு நாடாவைப் பெருக்கல் குறியாக ஒட்டிவிடுகிறார்கள். சொந்த ஊரான கொலம்பஸின் ஆங்கிலப் பெயரிலேயே ஓர் எம் உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டினால், அதன் மேலும் நாடா ஒட்டுவார்களே தவிர ஊர்ப்பெயருக்காக விதியைத் தளர்த்த மாட்டார்கள். மிச்சிகன்காரர்கள் பதிலுக்குப் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரைச் சொல்லாமல் வெறும் "ஒஹாயோ" என்பார்கள். அது எரிச்சலூட்டவே சொல்லப்படுகிறது, எரிச்சலும் வருகிறது.

இனி வாதமுறைக்கு வருவோம். அறிவு பிறக்கும் வழிகள், அதாவது அளவைகள், பத்து என்று மணிமேகலையில் வரும் அளவைவாதி கணக்குச் சொல்கிறான். ரசிகர்களுக்கு நாலு போதுமானதாக இருக்கிறது.

முதலில் கருதல். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது போல, மூன்றாவது அணியைக் கண்டு முடிவை ஊகிப்பது. 2024 நவம்பரில் இந்தியானா அணி மிச்சிகனை 20–15 என வென்றது. இரண்டு வாரம் கழித்து அதே இந்தியானாவை ஒஹாயோ 38–15 என நசுக்கியது. 5 புள்ளி வித்தியாசத்தோடு 23 புள்ளி வித்தியாசத்தைக் கூட்டினால் ஒஹாயோ 28 புள்ளியில் ஜெயித்தாக வேண்டும். கணக்கில் பிழையே இல்லை. தேசியத் தரவரிசையில் ஒஹாயோ 2-ஆம் இடம். மிச்சிகனுக்குப் பட்டியலிலேயே இடமில்லை. பந்தயக்காரர்களும், சற்றே அடக்கமாக, 20 புள்ளியை ஒட்டி மதிப்பிட்டிருந்தார்கள். கொலம்பஸில் ஆட்டம் நடந்தது. 45 வினாடி மிச்சமிருக்கையில் உதைத்த பந்தில் மிச்சிகன் 13–10 என வென்றது. கருதல் 31 புள்ளி தவறியது. இதைக் கண்டு ரசிகர்கள் அந்த அளவையைக் கைவிட்டார்களா என்றால், இல்லை. "கணக்கு சரிதான், ஆட்டம்தான் தப்பாப் போச்சு" என்ற விளக்கத்தில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

இதில் ஒரு கிளைச்சிக்கல் உண்டு. தோற்ற ஒஹாயோ, அந்த ஆண்டு முதல் 12 அணிகளுக்கு விரிக்கப்பட்ட தேசியப் போட்டிக்குள் நுழைந்து, 2025 ஜனவரியில் நோட்ர டாமை 34–23 என வென்று தேசிய சாம்பியன் ஆகிவிட்டது. ஆக, நாட்டையே ஜெயித்தவர்கள் ஒரு தரப்பு. நாட்டை ஜெயித்தவர்களை ஜெயித்தவர்கள் மறு தரப்பு. எந்த ஆண்டு மேலான ஆண்டு? சாதாரணமாக ஒரு பருவத்தில் ஒரு தரப்புக்குத்தான் திமிர் கிடைக்கும். அந்தக் குளிர்காலத்தில் இரு தரப்பும் ஒரே சமயத்தில் திமிரோடு திரிந்தன.

அடுத்தது காண்டல். கண்ணால் கண்டதை மறுக்க முடியாது என்பது பொது நம்பிக்கை. 2016-இல் கொலம்பஸில் ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்தின் இரண்டாம் சுற்றுக்குப் போனது. ஒஹாயோவுக்கு நாலாவது முயற்சி. 1 கெஜம் போதும். அணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜே.டி. பாரெட் பந்தோடு ஓடி, தன் அணிக்காரரின் முதுகிலேயே முட்டி விழுந்தார். எட்டிவிட்டார் என்று நடுவர் பந்தை வைத்தார். வீடியோவை மறுபடி பார்த்தும் தீர்ப்பு நின்றது. அடுத்த ஓட்டத்திலேயே ஒஹாயோ 30–27 என ஜெயித்தது. மிச்சிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா எவ்வளவு குறைந்தது என்று பத்திரிகையாளர்கள் முன் இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். நடுவர்களைக் குறை சொன்னதற்கு 10,000 டாலர் அபராதம் வந்தது. அந்தப் படத்தை இரு தரப்பும் நிறுத்தி, பெரிதாக்கி, கோடு போட்டுப் பார்த்துவிட்டார்கள். நீலச் சட்டை மிச்சிகன்காரர் கண்ணுக்குப் பந்து கோட்டுக்கு இப்பால், சிவப்புச் சட்டை ஒஹாயோக்காரர் கண்ணுக்கு அப்பால். காட்சிக்கு மாசு சட்டையின் சாயத்தால் வரும் என்று அளவைநூலார் யாரும் எழுதி வைக்கவில்லை, இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

அபாவம் என்பது இல்லாமையைக் கொண்டு அறிவது. இதற்கு 1950 கொலம்பஸ் பனிப்புயல் ஆட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு அமையாது. அன்று மிச்சிகன் 10 கெஜத்தை ஒரு முறைகூட எட்டவில்லை. பந்து கையில் இருந்தால் வழுக்கும் என்று 24 தடவை உதைத்தே தள்ளியது. எதிரி உதைத்த பந்தை மறித்தே புள்ளிகள் எடுத்து 9–3 என வென்றது. எதுவும் செய்யாமல் இருப்பதே திறமை என்று மிச்சிகன்காரரும், எதுவும் செய்யாதவரிடம் தோற்பதை ஆட்டம் என்றே எண்ணக்கூடாது என்று ஒஹாயோக்காரரும் சாதிப்பார்கள். ஒஹாயோ பயிற்சியாளர் பதவி விலகினார். அந்த இடத்துக்கு 1951-இல் வுடி ஹேஸ் வந்தார்.

அவரோடு ஐதிகம், அதாவது வழிவழியாகச் சொல்லக் கேட்டு அறிவது, தொடங்குகிறது. மிச்சிகன் மண்ணில் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட வாங்க மாட்டேன், எல்லை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போவேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தக் காரில் தானும் இருந்ததாகச் சொல்பவர்களை எல்லாம் ஏற்றினால் பஸ் தேவைப்படும். அவரிடம் பயிற்சி பெற்ற போ ஷெம்பெக்லர் 1969-இல் மிச்சிகனுக்குப் பயிற்சியாளராக வந்து இருவரின் முதல் மோதலிலேயே குருவை 24–12 எனச் சாய்த்தார். பத்தாண்டு இருவரும் மோதியதில் சீடர் 5, குரு 4, சமன் 1. அந்தச் சமன் 1973-இல் வந்த 10–10. ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு யார் போவது என்பதை வாக்கெடுத்து ஒஹாயோவுக்குக் கொடுத்தார்கள். வாதத்தை வாக்கெடுத்து முடிக்கலாம் என்று நினைத்தது அந்த ஒரு தடவைதான். மிச்சிகனில் அது இன்னும் முடியவில்லை.

இந்த நான்கையும்விட வலிமையான கருவி ஒன்று ரசிகர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு. தொடக்க ஆண்டுத் தேற்றம் என்று அதற்குப் பெயரிடுகிறேன். தேற்றம் இது: தகுந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்கினால் எந்த அணியும் மேலான அணியே. டொலீடோவில், அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கும் இருவர் வேலிக்கு மேலாகப் பேசுவது வழக்கமாக இப்படிப் போகும்.

"மொத்தக் கணக்குல நாங்கதான் முன்னால, ஞாபகம் இருக்கட்டும்."

"எப்பலேருந்து எண்ணுறீங்க?"

"1897-லேருந்து. முதல் ஆட்டமே 34–0."

"அது குதிரை வண்டிக் காலம். 1919 வரைக்கும் நாங்க ஒரு தடவைகூட ஜெயிக்கல. இப்பதான் ஆடக் கத்துக்கிட்டிருந்தோம்."

"இருபத்திரண்டு வருஷமாவா?"

"அதை விடுங்க. 2012-லேருந்து 2019 வரைக்கும் வரிசையா எட்டு. அதைச் சொல்லுங்க."

"2021-லேருந்து 2024 வரைக்கும் வரிசையா நாலு. அதை நீங்க சொல்லுங்க."

"2025-ல 27–9. உங்க ஊர்லயே."

"ஒரு வருஷத்தை வெச்சு எண்ண முடியுமா?"

"ஏன், ஒண்ணும் எண்தானே?"

கடைசி வாதத்துக்கு விடை இல்லை. உரையாடல் அங்கே நின்று, இலை வாரும் துடைப்பத்தை யார் இரவல் வாங்கியது என்பதற்குத் திரும்பும்.

நம் துணிபுக்குச் சோதனை வேண்டும் அல்லவா? ஆட்டத்தை எடுத்துவிட்டு வாதம் மட்டும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த ஆய்வகமும் செய்ய முடியாத அந்தச் சோதனையை 2020-இல் கொரோனா செய்து காட்டியது. 1918 முதல் ஆண்டு தவறாமல் நடந்துவந்த ஆட்டம் மிச்சிகன் அணியில் தொற்று என்று ரத்தானது. வாதம் ஒரு நாள்கூட ரத்தாகவில்லை. பயந்து ஒளிந்துகொண்டார்கள் என்றது ஒரு தரப்பு. காய்ச்சலோடு ஆடியிருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் ஒட்டியிருக்கும், நன்றி சொல்லுங்கள் என்றது இன்னொன்று. நடக்காத ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளியில் ஜெயித்திருப்பார்கள் என்பதற்குக் கருதல் அளவையால் கிடைத்த விடைகளை இன்றுவரை யாராலும் பொய்ப்பிக்க முடியவில்லை. வேறு எந்த ஆண்டின் முடிவுக்கும் அந்தப் பெருமை இல்லை.

எஞ்சியிருப்பது 2010. மிச்சிகனை வென்றால் ஒஹாயோ வீரர்களுக்குக் குட்டியாக ஒரு தங்கக் கால்சட்டைப் பதக்கம் தருவது 1934 முதல் மரபு. அவர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை போடுகிறார்கள் என்று அன்றைய பயிற்சியாளர் சொன்னதிலிருந்து பிறந்தது. பல ஆண்டுகள் கழித்துச் சில வீரர்கள் அந்தக் கால்சட்டையையும் மோதிரத்தையும் விற்று, சலுகை விலையில் பச்சை குத்திக்கொண்டார்கள். விதிமீறல் வெளிவந்தது. பயிற்சியாளர் ஜிம் ட்ரெசல் 2011-இல் விலகினார். முந்திய பருவத்தின் வெற்றிகளை எல்லாம் பல்கலைக்கழகமே ஏட்டிலிருந்து நீக்கியது. அதில் மிச்சிகனை 37–7 என வென்ற ஆட்டமும் போயிற்று. அதாவது, மிச்சிகனை வென்றதற்குக் கிடைத்த பரிசை விற்றதால் மிச்சிகனை வென்ற வெற்றியே இல்லாமல் போனது.

ஆனால் வெற்றியை நீக்கும் விதி எதிரணியின் தோல்வியை நீக்குவதில்லை. எனவே ஏட்டின்படி 2010 நவம்பரில் ஒஹாயோ வெல்லவில்லை, மிச்சிகன் தோற்றது. யாரிடம் என்று கேட்கக் கூடாது. பத்து அளவைகளிலும் தேடிப் பார்த்தேன், தோற்கடித்தவர் இல்லாத தோல்விக்கு இடம் காணோம். டொலீடோவில் வேலிக்கு இரு பக்கமும் விசாரித்தால், அதற்கு ஆளுக்கு மூன்று விளக்கம் தயாராக இருக்கிறது.