ஒண்டரைச் சுத்து

யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கொரு வைரவர் இருக்கிறாரோ இல்லையோ, காபரேற்றர் கழற்றுகிற மாமா ஒருவர் கட்டாயம் இருப்பார். கச்சேரியிலோ தபால் கந்தோரிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மெக்கானிக் அல்ல. அப்படிச் சொன்னால் முகம் கறுத்துவிடும். "காசுக்குச் செய்யிறவன்தான் மெக்கானிக்" என்பார். தான் எதற்காகச் செய்கிறார் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அவருடைய வாகனம் பெரும்பாலும் ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானியத் தபால்காரருக்கென்று 1971இல் ஹொண்டா செய்த சிவப்பு வண்டி. அங்கே கடிதம் காவி ஓய்ந்தபிறகு கப்பலேறி வந்து, இங்கே வாழைக்குலையும் புண்ணாக்கு மூட்டையும் பேரப்பிள்ளையும் காவுகிறது. கிளச் பிடிக்கத் தேவையில்லை. உழக்கினால் கியர் விழும். இந்த வண்டி லேசில் பழுதாகாது, மாமாவின் பிரச்சினையே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிளேன்ரீ குடித்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து முற்றத்து மாமரத்தின் கீழே சாக்கை விரிப்பார். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

"என்னண்ணை, மோட்டச்சைக்கிளுக்கு ஏதும் பிழையோ?"

"ஒரு பிழையும் இல்லை. அதுதான் யோசனையாக் கிடக்கு."

பெற்றோல் குழாயைப் பூட்டி, ரப்பர் ரியூப்பை இழுத்தெடுத்து, பத்தாம் நம்பர் ஸ்பனரால் இரண்டு நட்டையும் கழற்றியதும் காபரேற்றர் உள்ளங்கைக்கு வந்துவிடும். அதன் அடிப்பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சிறு பிரசங்கம் உண்டு. ஜப்பான்காரன் அடித்த நாலுமூலை வெட்டு ஆணியும் வெள்ளைக்காரனின் நாலுமூலை டிறைவரும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் இவன்ரை நுனி அவன்ரை வெட்டுக்குள் அடிமட்டும் இறங்காது. பலமாகத் திருகினால் எகிறி, வெட்டை வழித்துக்கொண்டு போய்விடும். சொன்னது அவ்வளவும் உண்மை. சொல்லி முடித்துவிட்டு, வெட்டெல்லாம் எப்போதோ வழிந்து மொட்டையாகிப்போன தன்னுடைய ஆணிகளைக் குறட்டால் பிடித்துத் திருகுவார். கனடாவிலிருந்து மகள் கொண்டுவந்து கொடுத்த அசல் ஜப்பான் டிறைவர் அலுமாரிக்குள், வெல்வெட் துணியில் சுற்றியபடி இருக்கிறது. பாவித்தால் தேய்ந்துவிடுமாம்.

உள்ளேயிருந்து மிதவை வரும், அதன் ஊசி வரும், பெரிய ஜெற் வரும், சின்ன ஜெற் வரும். எல்லாவற்றையும் பால்மா ரின் மூடியில் வரிசையாகப் பரப்பி, கழுவ எடுத்த பெற்றோலைச் சிரட்டையில் ஊற்றுவார். அடிப்பெட்டியில் ஊசிமுனையளவு செம்மண் இருந்தால் அன்று அவருக்குத் திருநாள். விரல் நுனியில் அதை ஒற்றி எடுத்து ஊருக்கே காட்டுவார். "சோளகம் தொடங்கினால் இணுவில், கோண்டாவில் செம்பாட்டுத் தூள் முழுக்க இதுக்குள்ளைதான்" என்பார். மண் இல்லாவிட்டாலும் கவலையில்லை, "இனிமேல்தான் வரும்."

ஊர்ப் பெடியளுக்கு மாமாவிடம் வசவு விழுவது சின்ன ஜெற்றில்தான். தையல் ஊசிகூட நுழையாத துளை அது. அவசரக்காரன் சைக்கிள் பிறேக் வயரில் ஓர் இழையை உருவிக் குத்தப் போவான்.

"எடு கையை! பித்தளை மெத்து, உது உருக்கு. குத்தினால் ஓட்டை பெருக்கும். பெருத்தால் பெற்றோல் கூட இறங்கும், கறுப்புப் புகை வரும், பிளக் கரிபிடிக்கும். பிறகு நீர் 750ஆம் நம்பர் பஸ்ஸிலைதான் பருத்தித்துறை போவீர். விளங்குதோ?"

அவர் பாவிப்பது தங்கூசி. மீன் பிடிக்கிற நைலோன் நூல், பித்தளைக்கு ஒன்றும் செய்யாது. நுழைத்து, வாயால் ஊதி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜெற்றைச் சூரியனுக்கு நேரே பிடிப்பார். வெளிச்சம் தெரியும். தெரிந்தது போதாது, வந்து நிற்கிறவர்கள் அத்தனைபேரும் ஆளுக்கொரு தரம் பார்க்கவேண்டும். ஒருமுறை கலியாணக் காட் கொடுக்க வந்த ஒரு குடும்பம், மாப்பிள்ளை உட்பட, முற்றத்தில் வரிசையாக நின்று ஒற்றைக்கண்ணால் சூரியனைப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

இதற்குள் மனைவி இரண்டுமுறை வந்து போயிருப்பார். "இஞ்சேருங்கோ, திருநெல்வேலிச் சந்தைக்குப் போகவேணும். மீன் முடிஞ்சிடும்." போக வழியில்லை. அடிப்பெட்டிக்கு வைக்கிற ரப்பர் வளையம் பெற்றோலில் ஊறிப் பருத்துவிட்டது. பருத்தால் அது தன் பள்ளத்துக்குள் இருக்காது, ஒரு பக்கத்தை அமத்தினால் மறு பக்கம் எழும்பும். காயவிட்டால்தான் சுருங்கும். ஆகவே கொடியில், மாமாவின் வேட்டிக்கும் பேத்தியின் சட்டைக்கும் நடுவே, கிளிப் போட்டு அந்தக் கறுப்பு வளையம் தொங்குகிறது. மனைவி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன்னுடைய ஸ்கூட்டி பெப்பில் ஏறிப் போய்விடுவார். அந்த ஸ்கூட்டியின் காபரேற்றர் வாங்கின நாள் தொட்டுக் கழற்றப்படவில்லை. கழற்றப்படவும் மாட்டாது. "என்ரை ஸ்கூட்டியிலை கை வைச்சியளெண்டால் பிறகு சமையல் இல்லை" என்ற சட்டம் அந்த வீட்டில் அமுலில் இருக்கிறது.

இந்த மனிதரை இப்படி ஆக்கியது எது என்று கேட்டால் வயது என்பார்கள், வேலையின்மை என்பார்கள். எனக்கென்னவோ மண்ணெண்ணெய் என்றுதான் படுகிறது.

1990இல் யுத்தம் மறுபடி தொடங்கி, பொருளாதாரத் தடையும் வந்தபோது குடாநாட்டுக்குள் பெற்றோல் இல்லாமல் போனது. தப்பித்தவறி வந்தது போத்தல் கணக்கில், மருந்து மாதிரி விலைப்பட்டது. பற்றரி தடை, உதிரிப்பாகமும் அருமை. ஊர் ஓடியாகவேண்டும். கேம்பிரிட்ஜ் காரும் எம்.டி. 90உம் சீ.டி. 200உம் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, உதைத்து உதைத்துக் கால் வீங்கினாலும் எஞ்சின் எழும்பாது. அதற்குத்தான் சூப்பி. சின்னப் பிளாஸ்ரிக் போத்தல், மூடியில் மெல்லிய குழாய், உள்ளே உயிரைப்போல் பொத்திவைத்த கொஞ்சப் பெற்றோல். காற்றுப் போகிற வாயில் ஒரு பீச்சுப் பீச்சி, உடனே உதைத்தால் பெற்றோலில் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சுட்டதும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கும். நிறுத்திவிட்டால் திரும்பவும் சூப்பி. அதனால் கடைக்குப் போனவர்கள் வண்டியை நிறுத்தாமல் வாசலில் இரைய விட்டுவிட்டு உள்ளே போய்ச் சாமான் வாங்கினார்கள். வெள்ளைப் புகையில் ஒழுங்கை மறையும். அந்தக் காலத்துக் கலியாண அல்பங்களை முகர்ந்தால் இன்றைக்கும் லேசாக மண்ணெண்ணெய் மணக்கும் என்று நான் சொன்னால் நம்பத்தேவையில்லை, ஆனால் கூறைச்சேலை மணந்தது உண்மை.

அந்த எண்ணெயில் தண்ணீர் இருந்தது, கசடு இருந்தது. பிளக் கரிபிடித்தது, ஜெற் அடைத்தது. வண்டியில் போகிறவன் நடுவழியில் இறங்கிக் கழற்றத் தெரிந்தவனாக இருக்கவேண்டும். கழற்றத் தெரியாதவன் உருட்டினான். கச்சேரியில் கோப்பு எழுதிய விரலும் கரும்பலகையில் எழுதிய விரலும் மிதவை ஊசி பிடிக்கப் பழகியது அப்போதுதான். பின்னர் பெற்றோல் வந்தது. 2002இல் ஏ9 திறந்தது, 2006இல் மூடியது, யுத்தம் முடிந்தபின் மறுபடி திறந்தது. மாமாவின் விரல்களுக்கு அந்தச் செய்திகள் எதுவும் போய்ச் சேரவில்லை.

இனிப் பூட்டுகிற படலம். கேபிளின் நுனியில் தொங்குகிற வால்வில் ஒரு பக்கம் சரிவாக வெட்டியிருக்கும். அது காற்று வருகிற பக்கம் பார்க்கவேண்டும். பக்கவாட்டில் ஒரு நீளப் பள்ளம். அது உள்ளேயிருக்கிற முனையில் பொருந்தவேண்டும். மாமாவுக்கு இது தலைகீழ்ப் பாடம். ஆனாலும் பாடத்தைப் பெடியளுக்குச் சொல்லிக்கொண்டே பூட்டும்போது எப்போதாவது வால்வு மாறி இறங்கி, மேலேயே இறுகிவிடும். பிறகு ஒரு உதை. எம்.டி. 90 வீரிட்டுக் கத்தும். கோழிகள் வேலி பாயும், பூனை கூரையேறும், பக்கத்து வீட்டுக் குழந்தை அழும். மாமா பதறுவதில்லை. பிளக் வயரைப் பிடுங்கி, ஷொக் அடித்த கையை உதறிக்கொண்டு, "பாத்தனீரோ? மாறிப் போட்டால் இப்பிடித்தான் வரும். காட்டுறதுக்காகத்தான் போட்டனான்" என்பார்.

சரியாகப் பூட்டியபின் காற்று ஆணி. முழுக்க இறுக்கி, அங்கிருந்து ஒண்டரைச் சுத்து இளக்கவேண்டும். இந்த ஒண்டரையை அவர் சொல்லும்போது குரல் தாழ்ந்து ஒருவித பக்தி வந்துவிடும். அங்கிருந்து கால் சுத்து இந்தப் பக்கம், அரைக்கால் அந்தப் பக்கம். கண்ணை மூடி, தவிலுக்கு வார் பிடிக்கிறவர் மாதிரித் தலையைச் சரித்து எஞ்சினைக் கேட்பார். தவிலுக்குப் பேர்போன இணுவிலும் அளவெட்டியும் பக்கத்தில் இருக்கிற ஊர்க் காது அது, சும்மா சொல்லக்கூடாது. துடிப்பு ஒரே சீராக விழுந்ததும் கண் திறப்பார். சனிக்கிழமை மாலையும் அந்த வண்டி இதே சீரில்தான் இரைந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினால் அவருக்குச் சீசன். லண்டனாலும் ரொறன்ரோவாலும் வருகிறவர்கள், போன தடவை தறப்பாளால் மூடி வைத்துவிட்டுப் போன மோட்டார் சைக்கிளை உதைத்துப் பார்த்துக் களைத்து, கடைசியில் இவரிடம் வருவார்கள். பெட்டியைத் திறந்தால் பெற்றோல் வற்றி, மண்ணிறத்தில் வார்னிஷ் படிந்திருக்கும். மாமா மணந்து பார்த்தே வருஷம் சொல்லுவார். "போகேக்கை குழாயைப் பூட்டிப்போட்டு, எஞ்சின் தானா நிக்குமட்டும் ஓட விடு எண்டு சொன்னனான்தானே? கேட்டனீங்களோ?" என்று ஒரு பாட்டம் ஏசுவார். ஏச்சும் சேர்த்துத்தான் கூலி.

2022இல் நாடு முழுக்கப் பெற்றோல் செட் வாசலில் நாட்கணக்கில் வரிசை கட்டியபோது மாமா பத்து வயது குறைந்துபோனார். கியூ.ஆர். அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். இனித் தன் காலம் என்று பரணிலிருந்து சூப்பியை இறக்கித் தூசு தட்டினார். பெடியள் சுற்றி உட்கார்ந்தார்கள். பீச்சுவது எப்படி, எத்தனை உதை, எப்போது எண்ணெய் மாற்றுவது என்று முழுப் பாடமும் நடந்தது. ஒரேயொரு குறைதான்: மண்ணெண்ணெயும் இல்லை. கடற்றொழிலாளரே கானோடு வரிசையில் நின்ற காலம் அது. "தொண்ணூறிலை இப்பிடி ஒரு பஞ்சம் இருக்கேல்லை" என்று, அந்த ஆண்டுகள் ஏதோ வசந்தகாலம் போல மாமா பெருமூச்சு விட்டார்.

போன மாதம் மருமகன் முறையான பெடியன் ஒருவன் புது மோட்டார் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். ஸ்ராட் வருகுதில்லை. மாமா சாக்கை விரித்து, குறட்டை எடுத்துக்கொண்டு குந்தினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், ரோச் லைற் அடித்துப் பார்த்தார்.

"காபரேற்றர் எங்கையடா?"

"இதிலை இல்லை மாமா. எவ்.ஐ. கொம்பியூட்டர்தான் பெற்றோல் விடும்."

மாமா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சிரட்டையைக் கிட்ட இழுத்தார்.

"சரி, உந்தக் கொம்பியூட்டரைக் கழட்டு. பெற்றோலுக்கை போடுவம்."

பெடியன் உருட்டத் தொடங்கியவன்தான், ஸ்ரான்லி வீதிக் கடை வருமட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.