கத்தரிக்கு முந்தி ஊசி

வாய்யா பேராண்டி. தறி வாங்கிட்டியாமே! மேசை மேல வைக்கிற தறியாம், பொட்டியில வந்து இறங்குச்சாம். நெய்தது ஒரு முழம், பிடிச்ச போட்டோ நூறு. சரி, துணிய அறுத்து எடுத்தியே, ஓரம் என்னாச்சு? ஊடை, அதான் குறுக்கு நூலு, ஒவ்வொண்ணா உருவிக்கிட்டு ஓடுது. நீ பசை தடவிப் பாக்குற, டேப்பு ஒட்டிப் பாக்குற. ஒண்ணுக்கும் அடங்கலைன்னதும் “பிஞ்சு தொங்குறதுதான் இப்ப ஸ்டைலு”ங்குற. அப்படியே வச்சுக்குவோம். ரெண்டு தண்ணி அலசினா உன் ஸ்டைலு பாதித் துணியத் தின்னுரும்லே, அப்ப என்ன சொல்லுவ?

கத்தரிக்கு முந்தி ஊசிய எடுக்கணும். அம்புட்டுதான் சூத்திரம்.

பாவு, அதான் நெடுக்கு நூலு, தறியில இருக்கையில இழையெல்லாம் விறைப்பா, வரிசையா நிக்கும். அறுத்துட்டா அதது தன் இஷ்டத்துக்குச் சாயும். கட்டிப்போட்ட மாட்டுல கறக்குறது லேசா, அவுத்துவிட்டுத் துரத்திக் கறக்குறது லேசா? பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர்ல பிறந்தவனுக்கு இதையும் நானா சொல்லணும்?

ஹெம்ஸ்டிச்சுன்னு நீ சொல்ற தையலை இப்படிப் போடு. ஆரம்பத்துலயே ஊடை நூலைத் துணி அகலத்துக்கு நாலு மடங்கு நீளமா ஓரத்துல தொங்கவிடு. அஞ்சாறு ஊடை ஓட்டி அச்சால தட்டு. தொங்குற நூலை மொண்ணை ஊசியில கோத்துக்க. கூர் ஊசி வேண்டாம், அது இழையையே பிளந்துரும். பாவுல நாலு இழையச் சேத்து ஒரு சுத்து. பிறகு ரெண்டு ஊடை தள்ளி, துணிக்குள்ள இருந்து ஊசிய மேல எடுத்து இறுக்கு. அடுத்த நாலு இழை, அதே மாதிரி. ஒரு கட்டுக்கு நாலு, மறு கட்டுக்கு ஏழுன்னு கை போன போக்குல எடுத்தா ஓரம் பல்லிளிக்கும். நெய்து முடிச்சதும் மறு ஓரத்துக்கும் இதே கதைதான். குஞ்சத்துக்கு வேண்டிய பாவை நெய்யாம விட்டுட்டு, அதுக்கு அப்புறம் கத்தரியத் தேடு.

“நம்ம ஊரு நெசவாளிக ஏன் இப்படித் தைக்கல?”ன்னு கேப்ப. கேளு. சுந்தரபாண்டியம் பக்கம் போயி, தறிக்குழியில காலைத் தொங்கப்போட்டு உக்காந்து நெய்யுறவங்க கையப் பாரு. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல பாவை வெறுமனே விட்டு, அறுத்த பிறகு முறுக்கிக் குஞ்சம் முடியுறதுதான் பழக்கம். தெரியாமலா விட்டாங்க? கணக்குப் போட்டுப் பாரு. உன் தறியில தடி நூலு. அங்குலத்துக்கு 12 இழைன்னா மூணு கட்டு. 10 அங்குல மப்ளருக்கு 30 கட்டோட சோலி முடிஞ்சுது. இங்க மெல்லிசு நூலு. அங்குலத்துக்கு 60 இழைன்னு வை. ஆறு ஆறாச் சேத்தாலும் அங்குலத்துக்குப் பத்துக் கட்டு. 27 அங்குலத் துண்டுல ஒரு ஓரத்துக்கு 270, ரெண்டு ஓரத்துக்கு 540. துண்டுக்கு இம்புட்டுன்னு கூலி வாங்குற மனுசன் தறிய நிறுத்திட்டு ஊசியப் பிடிச்சா, அடுப்பு எரிய வேண்டாமா?

ஓரம்னா சும்மா அழகு சமாச்சாரம்னு நினைக்காத. ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி இருக்குல்ல, ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்யுற ஊரு? அங்க விசைத்தறி சத்தத்துல காது அடைச்சுப்போகும். அந்தத் துணியில இழை விலகி விலகித்தான் இருக்கும், வெட்டினா ஓரம் பிரியத்தான் செய்யும். அதான் கட்டுத்துணிய மடிக்கையில வெட்டின ஓரம் உள்பக்கம் போற மாதிரி மடிப்பாங்க. பிரிஞ்ச நூலு ஒண்ணு புண்ணுக்குள்ள தங்கிட்டா என்ன ஆகும்? அங்க ஊசி கிடையாது, மடிப்புதான். துணிக்குத் தக்க ஓரம். இது புத்தி. எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம் தேடுறது உன் வீடியோ வாத்தியாரு வேலை.

இப்ப அந்தக் கைத்தறிக்காரங்க கூலிக்கு வருவோம். 2015ல இருந்து ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி நாளாம். முத விழா நம்ம சென்னையிலதான் நடந்துச்சு. அன்னைக்கி நீயும் துண்டைத் தோள்ல போட்டுப் படம் பிடிச்சுப் போடுற. மறுநாளே கடையில நின்னு, “இந்தத் துண்டுக்கா இம்புட்டு வெலை?”ன்னு மூக்கைச் சுளிக்கிற. நூலைப் போல சேலைன்னு பெரியவங்க சொல்லிட்டுப் போனாங்க. ஓரத்தைப் போல ஆயுசுன்னு நான் சொல்றேன், குறிச்சு வச்சுக்க.

அதனால ஒண்ணு செய்யி. மெல்லிசு நூல்ல ஒரே ஒரு துண்டு. ரெண்டு ஓரமும், தறியில வச்சே, 540 கட்டு. நடுவுல போனைத் தொடக் கூடாது. முடிச்சுட்டு நேராக் கடைக்குப் போ. அப்பவும் பேரம் பேச உனக்கு வாய் வந்துச்சுன்னா, தாராளமாப் பேசு.