சாம்பல் எரிமலைக்கு முதல் பரிசு

வடசென்னையில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம்; அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். அறிவியல் கண்காட்சிக்கு நடுவராக வரச்சொல்லி அழைத்திருந்தார்கள். அன்றைக்கே இன்னொரு மங்கல காரியமும் இருந்தது: புதிதாக வந்திறங்கிய ஸ்மார்ட் போர்டுக்குத் திறப்பு விழா. போர்டின் நெற்றியில் சந்தனம், குங்குமம், ஓரத்தில் ஒரு முழம் மல்லி. ஆயுத பூஜைக்கு லாரிச் சக்கரத்தடியில் வைப்பதுபோல எலுமிச்சம்பழம் மட்டும்தான் வைக்கவில்லை.

குத்துவிளக்கை ஏற்றினார்கள், சுவிட்சைப் போட்டார்கள். திரையில் பனிக்கரடி.

உருகும் பனிக்கட்டியின் மேல் அது தள்ளாடி நிற்க, பிள்ளைகள் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். “படம் வெளுப்பாத் தெரியுது, ஜன்னலைச் சாத்துங்கப்பா” என்றார் தலைமையாசிரியர். சாத்தினார்கள். அந்த ஜன்னல் வழியாகத்தான் அதுவரை கொசஸ்தலையாறும், அதன் கரையில் படிந்த சாம்பலும், அதற்கும் பின்னால் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகளும் தெரிந்துகொண்டிருந்தன. சுற்றுச்சூழல் படம் பளிச்சென்று தெரியவேண்டுமென்றால் சுற்றுச்சூழலைச் சாத்தித்தானே ஆகவேண்டும்!

பிறகு கண்காட்சி. தெர்மாகோலில் மழைநீர் சேகரிப்பு, தெர்மாகோலில் சூரியக் குடும்பம், தெர்மாகோலில் பசுமை நகரம். தெர்மாகோலின் மகிமையை நான் சொல்லவேண்டாம், வைகை அணையைக் கேட்டால் சொல்லும். அப்புறம் எரிமலைகள். நான்கு எரிமலைகள்! சோடா உப்பு, வினிகர், கொஞ்சம் சிவப்பு மை. ஊற்றினால் பொங்கும், பெற்றோர் கைதட்டுவார்கள். இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றே ஒன்று, அந்தமானில் பேரன் தீவில் இருக்கிறது. சென்னையிலிருந்து கடல்மேல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். ஆனாலும் நம் பிள்ளைகள் மாக்மாவுக்கும் லாவாவுக்கும் வேறுபாடு கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார்கள்.

நான்காவது எரிமலை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியுடையது. மற்ற மூன்றும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். இவளுடையது மட்டும் அசல் எரிமலை மாதிரி சாம்பல் நிறத்தில், தொட்டால் மாவுபோல ஒட்டியது.

“இந்தச் சாம்பல் எங்கேம்மா வாங்கினே?”

“வாங்கல சார். ஆத்தாண்ட கெடக்குது. எங்கப்பா போட்டுல ஒரு பக்கெட் எத்துனு வந்தாரு.”

“அங்கே நிறைய இருக்கா?”

“உங்களுக்கு எவ்ளோ வேணும் சார்?”

என்னோடு இருந்த மற்ற இரண்டு நடுவர்களும் நெகிழ்ந்துபோனார்கள். ‘கழிவிலிருந்து கலை’ என்ற பிரிவில் முதல் பரிசு. மதிப்பெண் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். அதனால்தான் இந்தக் கோபத்தை முழுசாக அடுத்தவர் தலையில் இறக்கிவைக்க முடியாமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணூரில் எரிமலை இல்லை என்று யார் சொன்னது? வடசென்னை அனல் மின்நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200. பக்கத்திலேயே வல்லூர், 1,500. நம் நாட்டு நிலக்கரி நூறு டன் எரித்தால் முப்பது, நாற்பது டன் சாம்பலாக மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாயில் தள்ளிச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடையும், ஒழுகும், ஒட்டுப்போடுவார்கள், மறுபடியும் உடையும். ஒழுகியது ஆற்றில் படியும். தண்ணீரில் இறங்கி நின்று கையால் தடவியே இறால் பிடித்த இடங்களில் இப்போது கால் வைத்தால் சாம்பல் சேற்றில் புதைகிறது. அந்தச் சாம்பலுக்குள் ஆர்செனிக், ஈயம், பாதரசம் என்று தனிம அட்டவணையில் பாதியைக் காட்டலாம். வண்டல் படிதல், கழிமுகம் தூர்தல், உப்புநீரும் நன்னீரும் கலத்தல் என்று புவியியல் புத்தகத்தின் பல பாடங்களுக்கும் செய்முறை விளக்கம் பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில், இலவசமாக, இருபத்துநான்கு மணி நேரமும் நடக்கிறது. நாமோ பனிக்கரடி பார்க்கிறோம்.

பாடப்புத்தகத்து நீர் சுழற்சிப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தலையில் பனி வைத்த மலை, மேகம், சாய்ந்த கோடுகளாய் மழை, நீல ஆறு, நீலக் கடல், மேலே போகும் அம்புக்குறி. அதில் மனிதன் உண்டா? குழாய் உண்டா, ஆலை உண்டா, சாம்பல் உண்டா? இது நம்மூர்க் கோளாறு மட்டுமல்ல. 2019-ல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, உலகெங்கும் இருந்து 464 நீர் சுழற்சிப் படங்களைச் சேர்த்துப் பார்த்தது. 85 சதவீதப் படங்களில் மனிதனின் கை எங்குமே இல்லை. பருவநிலை மாற்றத்தையோ நீர் மாசையோ தொட முயன்றவை 2 சதவீதம். தண்ணீரைக் கெடுத்தவனை மட்டும் கத்தரித்துவிட்டுத் தண்ணீரின் குடும்பப் படத்தை எடுத்திருக்கிறோம். அதைச் சட்டம் போட்டு மாட்டிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். தேர்வில் ஐந்து மதிப்பெண். அம்புக்குறி விட்டுப்போனால் அரை மதிப்பெண் குறையும். ஆலை விட்டுப்போனால் ஒன்றும் குறையாது.

கல்விப் படங்களைப் பொறுத்தவரை நம் நாட்டுச் சட்டம் ரொம்பக் கறார். எம்.சி. மேத்தா வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை போட்டது: எல்லாத் திரையரங்குகளிலும், டூரிங் டாக்கீஸ் உட்பட, ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றி இரண்டு சிலைடாவது இலவசமாகக் காட்டவேண்டும், பள்ளி கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும். நல்ல ஆணைதான். அந்தச் சிலைடுகள் ஓடிய நேரத்தில் நாம் முறுக்கு வாங்கப் போயிருந்தோம். இன்று தியேட்டர் படிப்பு என்று நமக்கு நினைவில் நிற்பது புகையிலை முகேஷ் ஒருவர்தான், பாவம். அந்த ஆணை வந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. டூரிங் டாக்கீஸ் போய்விட்டது, ஓவர்ஹெட் புரொஜெக்டர் வந்து போய்விட்டது, குறுந்தகடு வந்து போய்விட்டது, இப்போது ஸ்மார்ட் போர்டு. ஆனால் 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது அதை எதைக்கொண்டு அள்ளினோம்? பக்கெட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியபோது? பக்கெட், கூடவே மக்கும். அந்தப் பெண்ணின் அப்பா சாம்பல் கொண்டுவந்ததும் பக்கெட்டில்தான். எண்ணூருக்கு அரசு வழங்கியிருக்கும் ஒரே அறிவியல் கருவி அதுதான் போலிருக்கிறது. அதுவும் மீனவர் சொந்தக் காசில் வாங்கியது.

கருவியைக் குறை சொல்லவில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972-லிருந்து பூமியைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. கூகுள் எர்த்தில் ஆண்டைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தால் பச்சையாக இருந்த இடம் எப்போது வெளுத்தது என்று பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். தலைமையாசிரியரிடம் மெல்லக் கேட்டேன்: “இந்த போர்டுல நெட் இருக்கா சார்?”

“இருக்கு சார், ஃபுல் ஸ்பீடு.”

“பசங்களுக்கு நம்ம ஆத்தை ஒருதரம் காட்டலாமா? இருபது வருஷம் முன்னாடி, இப்போன்னு?”

அவர் பதில் சொல்லவில்லை. போர்டின் கீழ்மூலையை விரலால் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு ஸ்டிக்கர். அந்த வட்டாரத்து நிறுவனம் ஒன்றின் சமூகப் பொறுப்பு நிதியில் வழங்கியது. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிடவேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு, சுற்றுச்சூழலும் உண்டு. ஒரு போர்டு வாங்கிக்கொடுத்தால் இரண்டும் முடிந்தது. மீதி 98 சதவீதம் எப்படி வந்தது என்று போர்டு காட்டாது. பனிக்கரடிதான் காட்டும். பனிக்கரடி வழக்குப் போடாது பாருங்கள்.

பெரியவர்களுக்கும் காட்சிவழிக் கல்வி உண்டு. அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பெயர். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, போலீஸ், பெரிய திரை. திரையில் வரப்போகும் ஆலையின் கணினிப் படம் ஓடும். ஆலையைவிட அதில் புல்வெளிதான் அதிகம். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் தரவேண்டும் என்பது 2006 அறிவிக்கையின் விதி. தருவார்கள், தமிழ் எழுத்தில் இருக்கும். எழுபது வயது மீனவர் எழுந்து, “இந்தப் படத்துல நாங்க வலை போடுற பாடு எங்கய்யா கீது?” என்பார். குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

அவர் கேட்டது சும்மா இல்லை. படத்திலிருந்து இடத்தை எடுத்துவிடும் கலையில் நம் அதிகாரிகளுக்கு நிகர் அதிகாரிகளே. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த தமிழ்நாட்டுக் கடலோர வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருக்கிறது. கட்டடம் எழுப்பக்கூடாத இடமாகப் பாதுகாப்போடு இருக்கிறது. அப்புறம் அரசு அலுவலகங்களில் நடமாடிய இன்னொரு வரைபடத்தில் கழிமுகம் இல்லை. வற்றிவிடவில்லை, முழுக்கத் தூர்ந்துவிடவில்லை, தாளில் இல்லை, அவ்வளவுதான். தாளில் இல்லாத நீரில் என்ன வேண்டுமானாலும் கொட்டலாம். மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் தகவல் உரிமைச் சட்டத்தில் போராடி வாங்கி, 2017-ல் இரண்டையும் ஊருக்குக் காட்டினார்கள். அலை அடித்துக்கொண்டிருக்கும் ஒரு கழிமுகத்தை அழிரப்பரால் அழித்தவன் எவனோ, அவனும் பள்ளியில் நீர் சுழற்சி வரைந்து அம்புக்குறி போட்டு ஐந்துக்கு ஐந்து வாங்கியவன்தான். நம் பாடம் அவனிடம் வெற்றி பெற்றிருக்கிறது.

கல்வித்துறையிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். திரை போதும் ஐயா. அந்த இரண்டு வரைபடங்களையும் பெரிதாக அச்சடித்து, எண்ணூர் வட்டாரத்துப் பள்ளிகள் அத்தனையிலும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளை விடுங்கள். சட்டம் போடும் செலவு என்னுடையது. ஆணியும் நானே கொண்டுவருகிறேன்.