சீமையில் மூளை மாறிய கதை

அறுவடை முடிந்த கம்மாபுரம் வயல்களில் கிடை போட வருகிற கீதாரியிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். காதில் வெட்டு, முதுகில் சாயம் என்று எது யார் ஆடு என்பதில் அவருக்கு நட்டநடு ராத்திரியிலும் குழப்பம் வராது. சீமை விஞ்ஞானிகளுக்கு அப்படியொரு கீதாரி வாய்க்கவில்லை. அதனால் 2001-ல் பிரிட்டன் செம்மறிகள் கூண்டோடு கைலாசம் போகப் பார்த்தன.

புல் தின்கிற மாட்டுக்கு எலும்பையும் இறைச்சியையும் அரைத்துப் போட்ட புண்ணியத்தில், 1986-ல் அங்கே மாடுகளுக்குப் பைத்தியம் பிடித்தது தெரியவந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட, 1990-ல் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்கள் முன்னால் தன் சின்ன மகளிடம் மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார். (பெற்ற பிள்ளையைக் காட்டி ஓட்டு கேட்பது நமக்கு மட்டுமே சொந்தமில்லை.) நோய் மனிதரையும் தொட்டிருக்கலாம் என்று 1996-ல் அரசே வாய்திறந்தது.

அடுத்த பீதி ஆடு. அதே தீவனம் அதற்கும் போயிருக்கிறதே! செம்மறிக்கு ஏற்கெனவே ஸ்கிராபி உண்டு. உடம்பைத் தேய்த்துத் தேய்த்தே செத்துப்போகும் மூளை நோய். அந்தப் போர்வைக்குள் மாட்டு நோய் ஒளிந்திருந்தால்?

1990-களின் தொடக்கத்தில் வேறு சோதனைக்காகச் சேகரித்து, அரைத்து, உறையவைத்த மூளை விழுது இருந்தது. சுமார் 2,900 செம்மறிகளுடையது என்று பெயர். எடின்பரோ ஆய்வுக்கூடம் அதை எலிகளுக்கு ஊசியில் ஏற்றிவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. எலிகளும் ஏமாற்றவில்லை, மாட்டு நோயின் சாயல் தெரிந்தது. நிலைமை முற்றினால் 4 கோடி ஆடுகளையும் தீர்த்துக்கட்ட அரசு திட்டம் தீட்டி வெளியிட்டது.

நல்லவேளை, விழுதை மரபணுச் சோதனைக்கும் அனுப்பியிருந்தார்கள். வந்த பதில்: இது மாடு. மாட்டு மூளையில் மாட்டு நோய் இருக்கிறது என்ற அரிய உண்மையை, 2 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்துக் கண்டுபிடித்திருந்தார்கள்! அக்டோபர் 17 அன்று, ஊர் படுக்கப்போகிற நேரமாகப் பார்த்து, இரவு பத்து மணிக்கு மேல் அமைச்சகம் அறிக்கை விட்டது.

பிறகு ஆய்வுக்கூடத்துக்கே ஆய்வு நடந்தது. தணிக்கைக்காரர்கள் லேபிளைக் கேட்டார்கள், பதிவேட்டைக் கேட்டார்கள். எந்த டப்பாவிலிருந்து எது, எப்போது எடுக்கப்பட்டது என்ற தடம் நடுநடுவே அறுந்திருந்தது. மூளை மாறியது சேகரித்த இடத்திலா, அரைத்த இடத்திலா, குளிர்பெட்டியிலா என்று அவர்களாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.