எதிர்பாராத சாரல் குறித்து ஒரு மனு

அனுப்புநர்: துண்டும் கையுமாக ஒரு தென்காசிக்காரன்.

பெறுநர்: சீசன் விழாக்களில் கரண்ட், மைக், சிக்னல் மூன்றுக்கும் பொறுப்பான மேலிடம் (அப்படி ஒன்று இருந்தால்).

பொருள்: குற்றாலத்தில் மழை பெய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆடி மாதத்து விழா ஒன்றில் (பெயர் வேண்டாம்) மைக் செத்துப்போனதும், "எதிர்பாராத மழை காரணமாக" என்று ஒருவர் வெறும் தொண்டையில் வருத்தம் தெரிவித்தார். கேட்டு நெஞ்சுருகிப்போனேன். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியே புகுந்து ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் தலையில் தூவுவதற்குப் பெயரே சாரல். அதில் நனையத்தான் ஊர் ஊராகச் சனம் வருகிறது. அரசு அந்தப் பெயரிலேயே ஒரு திருவிழாவும் நடத்துகிறது. அப்படிப்பட்ட மழை தங்களிடம் முன் அனுமதி பெறாமல் வந்துவிட்டதை நானும் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

அன்று மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரே ஜங்ஷன் பாக்ஸ். ஸ்பீக்கர், சீரியல் செட், மிளகாய் பஜ்ஜிக் கடை பல்பு, குழந்தைகள் ராட்டினம் எல்லாம் அதிலிருந்துதான். பாக்ஸின் தலையில் ஒரு மதுரை ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்துச் சணலால் கட்டியிருந்தார்கள். சாரல் காற்றோடு பக்கவாட்டில் வரும் என்பது மதுரை ஜவுளிக்கடைப் பைக்கு எப்படித் தெரியும்? உள்ளே ஈரம். கசிவு கண்டால் கரண்டை அறுக்கிற பிரேக்கரை ஒதுக்கிவிட்டு வயர் நேராகப் போயிருந்தது.

"அது சும்மா சும்மா ட்ரிப் ஆவுது அண்ணாச்சி. புரோகிராம் நின்னுரும்லா?" என்றார் மைக் செட்காரர்.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுப்பதுதான் அதன் பிழைப்பு. பாதிப் பேர் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஊரில் அதற்கு லீவு கொடுத்த துணிச்சலுக்குத் தங்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம். பருத்தியில் வேண்டாம், ரப்பரில். மேடைக்கு ஒரு லைன், கடைகளுக்கு ஒரு லைன், தண்ணீர் புகாத பெட்டி, ஒழுங்கான எர்த். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இவ்வளவுதான் கேட்கிறேன். ஜெனரேட்டர் இருந்தது, மறுக்கவில்லை. கரண்ட் போய் அது உறுமி எழுவதற்குள் டிஜிட்டல் மிக்சர் அணைந்து, மறுபடி முதலிலிருந்து விழித்தது. அதுவரை பாடகி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு யூபிஎஸ் வைத்திருந்தால் பாட்டு அறுந்திருக்காது.

அடுத்து சிக்னல். போனில் நாலு கோடும் விறைப்பாக நிற்கின்றன. மங்குஸ்தான் விற்கிற ஆச்சிக்கு நூறு ரூபாய் போகமாட்டேன் என்கிறது. "சில்லறை இருந்தா குடுத்துட்டுப் போய்யா" என்கிறார் ஆச்சி. டவர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான் கோடு காட்டும், அதில் இடம் இருக்கிறதா என்பதை அல்ல. ஊர்க்காரர்களுக்கு அளந்து வைத்த டவரில் சனிக்கிழமைக் கூட்டம் மொத்தமும் ஏறி வீடியோ அனுப்புகிறது. 2025 கும்பமேளாவுக்குப் பிரயாக்ராஜில் சக்கரம் வைத்த தற்காலிக டவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சீசன் எப்போது வரும் என்று பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்கிற ஊருக்கு அதில் ஒன்றிரண்டு போதும்.

ஐயா, இனி வருவதில் கேலி இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மழை மலையின் உச்சியில் பெய்யும். கீழே குளிப்பவன் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். ஆகவே தகவல் மேலேயிருந்து வரவேண்டும், வெள்ளத்துக்கு முந்தி வரவேண்டும். இதற்கு ஒரு ஆப் விடலாம் என்று யாராவது தங்கள் காதில் ஓதியிருப்பார்கள். அருவியில் நிற்பவனின் போன் லாட்ஜ் அறையிலோ, மனைவியின் கைப்பையிலோ இருக்கும். ஒலிபெருக்கியில் கத்தினாலும் பேரருவிக்கு நேர் கீழே அருவிச் சத்தம் தவிர வேறெதுவும் காதில் விழாது. மேலே நீர்மட்டம் அளக்கும் கருவி; கீழே சைரனோடு கண்ணில் அடிக்கிற சிவப்பு விளக்கு; இரண்டுக்கும் தனி பேட்டரி, ரேடியோ இணைப்பு. செல்போன் டவர் படுத்தாலும், கரண்ட் போனாலும் இவை நிற்கவேண்டும். காவலர் கையில் வாக்கி டாக்கியும், குளிப்பவர்களை வெளியேற்ற யாரையும் கேட்கத் தேவையில்லாத அதிகாரமும் இருக்கவேண்டும். அருவி ஒரு இலாகா, காடு ஒரு இலாகா, ரோடு ஒரு இலாகா என்று கோப்பு சுற்றிவர எடுக்கும் நேரத்தை வெள்ளம் தராது.

கடைசியாக ஒரு சிறு விண்ணப்பம். அந்த விழா மைதான வாசலில் "அவசர உதவிக்கு ஸ்கேன் செய்யவும்" என்று க்யூஆர் கோடு ஒட்டிய போர்டு ஒன்று பார்த்தேன். ஸ்கேன் செய்தேன், நெட்வொர்க் இல்லை என்று பதில் வந்தது. அந்தச் சதுரத்தை எடுத்துவிட்டு ஒரு டெலிபோன் நம்பரைப் பெயிண்டில் எழுதவும். நம்பருக்கு மறுமுனையில் ஒரு ஆளை உட்காரவைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நனைந்த ரசிகன்

நகல்: தென்மேற்குப் பருவக்காற்று – தகவலுக்கும், அடுத்த ஆண்டு முன் அனுமதி பெறுவதற்கும்.