மிக்ஸி மூடி

சாயங்காலம் நாலரைக்கு மகன் பள்ளிக்கூடம் விட்டு வருவான். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் விசாரணையைத் தொடங்கியிருப்பேன். “என்ன சாமி, சோறு மிச்சம் வெச்சியா? டீச்சர் என்ன சொன்னாங்க? யார்கூட வெளையாண்ட?” கோர்ட்டில்கூட சாட்சிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள்.

ஒன்பது வயது. ஆட்டிசம். அடையாள அட்டைக்கு அலைந்தபோது தெரிந்துகொண்டேன்: 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 7 வகைகளில் இது கிடையாது, 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் இடம் கிடைத்தது. சட்டம் திருந்தவே 21 வருஷம் ஆனபோது என் மண்டை எம்மாத்திரம்!

பள்ளிக்கூடத்தில் அவன் தங்கம். வீட்டுக்குள் நுழைந்ததும் பை பறக்கும், சுவரில் முட்டிக்கொள்வான், குரல் தெருமுனை டீக்கடைவரை கேட்கும். ‘அங்கே அடங்கி இருக்கான், இங்கே வந்தால் திமிர்’ என்று மூன்று வருஷம் தீர்ப்பு எழுதினேன்.

வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்தான் சொன்னார்: “அடம்னா கேட்டது கெடச்சதும் நின்னுடும் சார். இது எதக் குடுத்தாலும் நிக்காது.” மணிச்சத்தம், பெஞ்சு இழுபடும் சத்தம், பக்கத்துப் பையன் முழங்கை எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பகல் முழுக்கத் தாங்கியிருக்கிறான். பயமில்லாத இடம் வந்ததும் பிடி விட்டுப்போகிறது. எங்கள் கெங்கவல்லி சுவேதா நதியும் இப்படித்தான்: மலையில் பெய்த மழைக்கு ஊரில் வெள்ளம். நான் ஊரில் நின்று அண்ணாந்து மேகம் தேடியிருக்கிறேன்.

“வந்ததும் ஒரு மணி நேரம் ஒண்ணும் கேக்காதீங்க. சத்தம் வேண்டாம். தின்ன ஏதாச்சும் குடுங்க.”

மறுநாள் நான்கு நிமிஷம் வாய் திறக்கவில்லை. ஐந்தாவது நிமிஷம் பெருமை தாங்காமல், “பாத்தியா சாமி, அப்பா இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல!” என்றேன். பை பறந்தது.

அடுத்த நாள் வாய்க்குப் பூட்டு. தின்னக் கொடுக்கச் சொன்னாரே என்று வாழைப்பழ மில்க் ஷேக் போட மிக்ஸியைத் திருகினேன். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தவன் இருட்டும்வரை வரவில்லை. மில்க் ஷேக்கை நான்தான் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

எங்கம்மா எந்தச் சட்டமும் படித்ததில்லை. அவன் வரும் நேரத்துக்கு உள்ளறைக் கதவை ஒருக்களித்து, கிண்ணத்தில் வெந்த குச்சிக்கிழங்கு நாலு துண்டு வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்வாள். அவன் ஜமக்காளத்தைத் தலையோடு சுற்றிக்கொண்டு கிழங்கைத் தின்பான். முக்கால் மணி கழித்துத் தானாக வந்து அவள் முழங்காலில் சாய்வான். “ஆயா, பஸ்ல ஹாரன்.” அவ்வளவுதான் அன்றைய செய்தி. இந்த ஒரு வரிக்காகத்தான் நான் மூன்று வருஷம் குறுக்கு விசாரணை செய்தது.

நானும் வேலை முடிந்து வந்ததும் டீ எங்கே, ரிமோட் எங்கே என்று கத்துகிறவன்தான். அதற்கு வீட்டில் பெயர் களைப்பு.

போன மாதம் மிக்ஸி ஜாரின் மூடியைக் காணோம். மனைவி வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். அரிசி டிரம்மில் படியை விட்டபோது எனக்குத் தட்டுப்பட்டது. உள்ளறையிலிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் அரிசியை மேலே தள்ளி மூடிவிட்டு வந்தேன். இப்போது சட்னி அம்மியில். அரைப்பது நான்.