புலிக்குச் சேணம் போட்ட கதை

எட்டர்னியா கிரகத்தின் இளவரசர் ஆடம் வாளை உயர்த்தி மந்திரம் சொன்னால் ஹீ-மேன் ஆகிவிடுவார். ஆவது என்றால் இப்படி: இளஞ்சிவப்பு மேலங்கியும் ஊதா நிறக் கால்சட்டையும் காணாமல் போகும். ரோம ஜட்டியும் மார்புக்குக் குறுக்கே ஒரு தோல்வாரும் மிஞ்சும். மேனி இரண்டு நாள் மெரினாவில் காய்ந்த நிறத்துக்கு வரும். மற்றபடி அதே முகம், அதே மூக்கு, கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டிய அதே பொன்னிற கிராப்பு. இவரைப் பார்த்து ஒரு நாடே, "யார் இந்த மாவீரன்?" என்று வியக்கிறது. நம் எம்.ஜி.ஆர். மாறுவேடம் என்றால் மரியாதைக்குக் கன்னத்தில் ஒரு மருவாவது ஒட்டிக்கொள்வார். ஆடம் போட்டிருக்கிற துணியையும் கழற்றிவிட்டு அதையே மாறுவேடம் என்கிறார்.

ரகசியம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்: சூனியக்காரி, மேன்-அட்-ஆர்ம்ஸ், குட்டி மந்திரவாதி ஓர்க்கோ. டீலாவுக்குத் தெரியாது. டீலா யார்? அரண்மனைக் காவல்படைத் தலைவி! இளவரசரோடு ஒன்றாக வளர்ந்தவள். கோழை, சோம்பேறி என்று ஆடமைத் திட்டித் தீர்ப்பாள். அவர் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தால் நன்றி சொல்வாள். எட்டர்னியாவில் பாதுகாப்பு வேலைக்குக் கண் பரிசோதனை கிடையாது போலிருக்கிறது.

எண்பதுகளின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் இந்தக் கார்ட்டூன் தொடரைப் பார்த்துவிட்டு, மர ஸ்கேலை முதுகுச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தெருவில் திரிந்த தலைமுறை என்னுடையது. ஸ்கேலை உருவும்போது சட்டைப் பொத்தான் தெறிக்கும். வீட்டில் அதற்குத் தனியாக விழும். அந்தத் தலைமுறைக்கு இப்போது முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு மறுபடி போட்டுப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. இந்தத் தொடரின் நிஜக் கதாநாயகன் ஹீ-மேன் இல்லை. கஞ்சத்தனம்.

புராணத்தை ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். 1976-ல் 'ஸ்டார் வார்ஸ்' என்றொரு படத்துக்குப் பொம்மை செய்ய வாய்ப்பு வந்தபோது, கலிஃபோர்னியாவின் பிரபல மேட்டல் கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கென்னர் என்ற இன்னொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. பிறகு நடந்தது உலகமறிந்தது. வயிறு எரிந்த மேட்டல், சொந்தமாக ஒரு வீரனைப் பெற்றெடுக்க முடிவு செய்தது. ரோஜர் ஸ்வீட் என்ற வடிவமைப்பாளர், கம்பெனியில் ஏற்கெனவே இருந்த 'பிக் ஜிம்' பொம்மைகளை எடுத்துத் தோளிலும் தொடையிலும் களிமண்ணை அப்பிப் புஜபலம் ஏற்றினார். அதற்கு முன்பே அங்கே மார்க் டெய்லர் காட்டுமிராண்டி வீரர்களைப் படம் போட்டு வைத்திருந்தார். யார் நிஜத் தகப்பன் என்ற தகராறு பின்னால் வெகுகாலம் ஓடியது. தத்துப் பிள்ளையாக இருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்காது.

வீரனுக்கு ஒரு வாகனம் வேண்டும். புதிதாக அச்சு வெட்டினால் செலவு. பிக் ஜிம் வகையறாவில் ஒரு புலி சும்மா கிடந்தது. ஆனால் ஐந்தரை அங்குல ஹீ-மேனுக்குப் பக்கத்தில் வைத்தால் குதிரை அளவுக்கு நின்றது. குதிரை அளவென்றால் குதிரையாகவே இருக்கட்டும் என்று முதுகில் சேணம் போட்டு, பச்சை வர்ணம் அடித்து, 'பேட்டில் கேட்' என்று பெயர் வைத்தார்கள். பச்சைப் புலி எந்தக் காட்டில் பிறந்தது என்று சின்ன வயதில் மண்டையைக் குடைந்துகொண்டவர்களுக்குப் பதில் இதுதான்: கிடங்கில்.

1982-ல் பொம்மை கடைக்கு வந்தது. அடுத்து அதற்கு ஒரு கார்ட்டூன் வேண்டும். இதே மேட்டல் 1969-ல் தன் 'ஹாட் வீல்ஸ்' கார்களை வைத்து ஒரு கார்ட்டூன் விட்டபோது, இது நிகழ்ச்சியா விளம்பரமா என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் காதைத் திருகியிருந்தது. ரீகன் ஆட்சி வந்தது. ஆணையத்துக்கு மார்க் ஃபௌலர் தலைவரானார். திருகிய கை தளர்ந்தது. 1983 செப்டம்பரில் ஹீ-மேன் டிவியில் குதித்தார். மாயாஜாலம் என்று நாம் வாயைப் பிளந்து பார்த்தது, பிள்ளைகள் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக் கடைக்கு இழுத்துப் போவதற்கான இருபது சொச்ச நிமிட விளம்பரம்.

எடுத்தது ஃபில்மேஷன் என்ற ஸ்டூடியோ. முதலாளி லூ ஷைமர். வாரத்துக்கு ஐந்து நாள், பதின்மூன்று வாரம் என்று கணக்குப் போட்டு ஒரு சீசனுக்கு 65 அத்தியாயம். இரண்டு சீசனில் 130. இத்தனையையும் புதிதாக வரைந்தால் கட்டுப்படியாகுமா? ஆகவே ஹீ-மேன் ஓடும் ஓட்டத்தை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டார்கள். காட்டில் ஓடினாலும் பாலைவனத்தில் ஓடினாலும் அதே ஓட்டம்தான். பின்னால் படுதா மட்டும் மாறும். நம்மைப் பார்த்துக் குத்துவிடும் குத்து ஒன்று, பாறையைத் தலைக்கு மேல் தூக்கும் தூக்கல் ஒன்று, உருமாறும் காட்சி ஒன்று. குறிப்பாக அந்த உருமாற்றம். மின்னல் வெட்டி, கோட்டை பின்னால் நின்று, வாள் மேலே போய், ஆடமின் பயந்து நடுங்கும் வளர்ப்புப் புலி க்ரிங்கர் பேட்டில் கேட்டாக மாறி முடிவதற்குள் கணிசமான நேரம் ஓடிவிடும். பாவம் க்ரிங்கர், "எனக்கு வேண்டாம்" என்று ஒவ்வொரு தடவையும் கெஞ்சும். யாரும் கேட்டதில்லை.

கஞ்சத்தனத்தின் சிகரம் ஓர்க்கோ. முதலில் அதற்கு வைத்த பெயர் கோர்போ. அங்கியில் 'ஜி' எழுத்து. அந்த எழுத்து இருந்தால் வரைந்த படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு இன்னொரு காட்சிக்குப் பயன்படுத்த முடியாது, கண்ணாடி எழுத்தாகத் தெரிந்துவிடும். எனவே பெயரையே ஓர்க்கோ என்று மாற்றி 'ஓ' எழுத்தைப் பொறித்தார்கள். எப்படிப் போட்டாலும் ஓ, ஓதான்!

குரல் கொடுத்தவர்களின் பட்டியல் அதைவிட விசேஷம். வில்லன் ஸ்கெலிட்டார், நல்லவர் மேன்-அட்-ஆர்ம்ஸ், க்ரிங்கர் மூவரும் ஆலன் ஓப்பன்ஹைமர் என்ற ஒரே மனிதர். சவால் விடுவதும் அவரே, எதிர்த்து நிற்பதும் அவரே, பயந்து ஒளிவதும் அவரே. டீலா, அவளைப் பெற்ற தாயான சூனியக்காரி, வில்லி ஈவில்-லின், மகாராணி எல்லாரும் லிண்டா கேரி. ஓர்க்கோவும் மகாராஜாவும்? வேறு யார், முதலாளிதான். அரண்மனையில் ராஜசபை கூடினால் நிஜத்தில் மூன்று நான்கு பேர் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

ஹீ-மேன் அடித்து நொறுக்கினார் என்று எங்கள் தலைமுறை சத்தியம் செய்யும். போட்டுப் பாருங்கள். உயிருள்ள ஒருத்தரையும் வாளால் வெட்டமாட்டார், ரோபோவைத்தான் துண்டாக்குவார். மற்றவர்களை அலாக்காகத் தூக்கிச் சேற்றில் போடுவார். உலகிலேயே பலசாலியான மனிதன் செய்த உச்சபட்ச வன்முறை, எதிரியின் துணியை அழுக்காக்கியதுதான். கடைசியில் எல்லாரும் நின்று சிரித்து முடித்ததும் ஒருவர் வந்து நீதி சொல்வார்: பெரியவர்கள் பேச்சைக் கேள், பொய் சொல்லாதே. பொம்மையை வாங்கு என்பதை மட்டும் வாயால் சொல்லமாட்டார்கள்.

சின்ன வயதில் ஸ்கெலிட்டாரைக் கண்டால் பயம். இப்போது பார்த்தால் அங்கே உழைக்கிற ஒரே ஆள் அவர்தான். ராஜகுமாரன் காலையில் தூங்கி வழிகிறான். ஸ்கெலிட்டாரோ பாம்பு மலையில் உட்கார்ந்து தினம் ஒரு புதுத் திட்டம் போடுகிறார். கூட இருப்பவர்கள் பீஸ்ட் மேன் மாதிரி, சொன்னதை அரைகுறையாகக் கேட்டு முழுதாகக் கெடுப்பவர்கள். அத்தனை தோல்விக்குப் பிறகும் ராஜினாமா கடிதம் எழுதாத நிர்வாகியை நான் வேறெங்கும் கண்டதில்லை. 1985-ல் வந்த கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியில் ஒரு ரோபோ நாய்க்குட்டி அவருடைய மண்டையோட்டு முகத்தை நக்கும். அவர் நெளிவதைப் பார்த்தால் வில்லன் மாதிரி இல்லை, விருந்தாளி வீட்டுக் குழந்தை மடியில் ஏறிவிட்ட பெரியப்பா மாதிரி இருக்கும்.

பொம்மை ஆட்டமும் ஓய்ந்தது. அமெரிக்காவில் 1986-ல் 40 கோடி டாலருக்கு விற்றது மறு ஆண்டே 70 லட்சத்துக்குச் சரிந்தது என்பது ரோஜர் ஸ்வீட் சொல்லும் கணக்கு.

ஸ்டூடியோவின் கதை இன்னும் சுருக்கம். மற்ற கம்பெனிகள் வரையும் வேலையை மலிவாக வெளிநாட்டுக்கு அனுப்பியபோது, ஓர் எழுத்துக்குக்கூடக் கணக்குப் பார்த்த ஃபில்மேஷன் மட்டும் அதை அமெரிக்க ஓவியர்களிடமே கொடுத்துவந்தது. மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேதான் போயிற்று. தேய்ந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டவர்கள், ஓவியர்களின் சம்பளத்தில் மட்டும் கை வைக்கவில்லை. இதற்காகவே ஹீ-மேனின் அத்தனை ஓட்டத்தையும் மன்னித்துவிடலாம்.

பிறகு ஸ்டூடியோ கைமாறியது. வாங்கியவர்கள் உதட்டுச்சாயம் விற்கும் லோரியால் கம்பெனியின் குழுவினர். ஆட்களை மொத்தமாக வேலையைவிட்டு அனுப்புவதானால் 60 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1989 பிப்ரவரி 4 அன்று அமலுக்கு வந்தது. ஃபில்மேஷனை பிப்ரவரி 3 அன்று இழுத்து மூடினார்கள்.